இரும்பைத் திட்டுகிறவர்

அண்ணாச்சி மனிதர்களைத் திட்டி நான் பார்த்ததில்லை. இரும்பைத்தான் திட்டுவார்.

சாத்தாங்காடு மார்க்கெட்டில் அவருக்கு இரும்புத் தகடு வியாபாரம். அவருடைய கிடங்குக்கு எதிரில் எங்கள் பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், வெல்டிங் செட், அவ்வளவுதான். லேத்தில் நான். வெல்டிங்கில் டேவிட். பட்டறைக்குத் தேவையான பேச்சு முழுவதையும் தினமும் ராயபுரத்திலிருந்து டேவிட்டே கொண்டுவந்துவிடுவான். நான் பத்தாவதோடு நின்றவன். அளவு என்ன, எப்போது வேண்டும் என்று கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். பேசாதவனிடம்தான் எல்லோரும் வந்து நின்று பேசுகிறார்கள். அண்ணாச்சியும் அப்படித்தான்.

ஒருநாள் அவர் கிடங்கில் தகடு தூக்கும்போது சங்கிலி நழுவியது. ஒரு தகடு சரிந்து, லோடுமேன் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. வேறு முதலாளி என்றால் அந்த ஆளின் அம்மாவில் ஆரம்பித்திருப்பார். அண்ணாச்சி குனிந்து கொக்கியைக் கையில் எடுத்தார்.

"ஏல, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கியே, வெக்கமா இல்ல உனக்கு?" என்று கொக்கியைக் கேட்டார். பிறகு லோடுமேனைப் பார்த்து, "நீ என்ன செய்வ. கொக்கி சரியில்ல. போ, ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார்.

இந்த மனிதர்தான் கோல்ஃப் விளையாடினார். சொன்னால் எங்கள் பக்கத்தில் இப்போதும் சிரிப்பார்கள். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரி நிற்கவே இடம் இல்லை, கோல்ஃபுக்கு எங்கே போவது? மைதானம் நகரத்தின் மறுகோடியில், கிண்டிப் பக்கம். அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அது ஆரம்பித்த கதையை அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு பெரிய கம்பெனியில் சரக்கு வாங்குகிற அதிகாரி, பேச வேண்டியதை மைதானத்திலேயே பேசலாம் என்று கூப்பிட்டிருக்கிறார். அண்ணாச்சி போய் ஒரு ஓரமாக நின்றிருக்கிறார். பேச்சு முடிந்ததும் அதிகாரி விளையாட்டாகத் தன் குச்சியைக் கொடுத்து, சும்மா ஒன்று அடியுங்கள் என்றாராம்.

"அடிச்சேன் எய்யா. கையில ஒண்ணுமே தெரியல. தூக்கத்துல புரண்டு படுத்த மாதிரி இருந்துச்சு. பந்து நேரா மேல போச்சு. போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. நான் கீழ விழும்னு பாத்துக்கிட்டே நிக்கேன், அது விழவே இல்ல. அந்த ஆபீசர் என்னைப் பாக்கான், குச்சியைப் பாக்கான்."

அந்தக் குச்சி ஏழாம் நம்பர் இரும்பு. கோல்ஃபில் சில குச்சிகளுக்குப் பெயரே இரும்புதான். அதைக் கேட்டதுமே அண்ணாச்சிக்கு அந்த விளையாட்டு பாதி சொந்தமாகிவிட்டது. அதிகாரி கொஞ்ச நாளில் வடக்கே எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார். குச்சியும் அவரோடு போய்விட்டது. அண்ணாச்சி பழைய செட் ஒன்று வாங்கினார். அதிலும் ஏழாம் நம்பர் இருந்தது. ஆனால் அந்த முதல் அடி மட்டும் திரும்ப வரவில்லை. பந்து வலது பக்கம் போகும், தரையிலேயே உருளும், சில நேரம் அவருக்குப் பின்னால்கூடப் போகும்.

அவர் போட்ட கணக்கு எளிது. "அன்னைக்கும் இதே கைதான், இன்னைக்கும் இதே கைதான். அப்ப எது மாறியிருக்கு? இரும்புதானே? இதுல ஏதோ தப்பு இருக்கு. நீ பாத்து எடுத்துரு."

அப்படித்தான் என்னிடம் வந்தார்.

அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் அலுப்புதான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் அடிப்பார், திங்கட்கிழமை நான் திருத்துவேன். கிடங்கைத் திறப்பதற்கு முன்பே குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வருவார். எண்ணூர் பக்கத்திலிருந்து வருகிற சாம்பல் தூசி லேத்தின் மேல் படிந்து கிடக்கும். அதைத் துடைப்பதற்குள் குச்சி மேஜைக்கு வந்துவிடும்.

"இன்னா அண்ணாச்சி, நேத்து பந்து எந்த ஊருக்குப் பூட்ச்சி?" என்று டேவிட் கேட்பான்.

"வலது பக்கமாத்தான் போவுது டேவிட்."

"வலது பக்கம் போய்கினே இருந்தா கடல் வந்துரும். அப்பால நம்ம காசிமேட்டு ஆளுங்க வலையில மாட்டும். நான் கேட்டு வாங்கியாரேன்."

வலை என்ற சொல்தான் அவருக்கு யோசனை கொடுத்தது. காசிமேட்டிலிருந்து பழைய மீன்வலை ஒன்று வாங்கிவந்து, கிடங்கின் பின்பக்கம் தகட்டு அடுக்குகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். சாயங்காலம் ஆட்கள் போனபின் அதில் பந்தை அடித்துப் பழகுவார். வலைக்குள் போனால் சத்தம் வராது. தவறினால் தகட்டில் பட்டுக் கோயில் மணிபோல ஒரு சத்தம் வரும். எங்கள் பட்டறையில் உட்கார்ந்தபடியே அவருடைய ஆட்டம் எப்படி என்று எங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். மழை பெய்தால் அந்த வலையிலிருந்து மீன் வாடை கிளம்பி ரோடு வரை வரும்.

போனில் கோல்ஃப் வீடியோ பார்ப்பார். அதில் ஒரு வெள்ளைக்காரர் இடுப்பை எப்படித் திருப்ப வேண்டும், முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். அண்ணாச்சி அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு, குச்சியைப் பற்றிச் சொல்கிற இடத்துக்குப் போய்விடுவார். "இவன் கையைக் குறை சொல்லுதான். கை என்ன செய்யும் பாவம்."

நானும் செய்துகொடுத்தேன். மேஜையில் பூட்டியிருக்கிற வைஸ் இடுக்கியில் மரக்கட்டை வைத்துப் பிடித்து, குச்சியின் கழுத்தைக் கொஞ்சம் வளைத்தேன். அடிப்பாகத்தைச் சாணை பிடித்தேன். நீளம் குறைத்தேன், அது சரியில்லை என்றதும் உள்ளே கம்பி செருகி நீளம் கூட்டினேன். பிடியின் ரப்பரை அறுத்தெறிந்துவிட்டு, டேப் சுற்றி, பெட்ரோல் தடவி வேறு ரப்பர் ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டு போகும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அடுத்த திங்கட்கிழமை அது இருக்காது.

ஒருமுறை கழுத்து இன்னும் வளைய வேண்டும் என்றார். சுடாமல் பச்சையாக வளைக்க அது இடம் கொடுக்கவில்லை. இரும்பைச் சுட்டால் வளையும், எங்களுக்குத் தெரிந்த வித்தை அதுதான். டேவிட் கேஸ் வைத்துச் சுட்டான். பந்தில் படுகிற தலையைக் கம்பியோடு பசையால் ஒட்டியிருப்பார்கள் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நாற்றமாக ஒரு புகை வந்தது. வெள்ளியாக மின்னிய தலை நீலம் பாரித்து, கழன்று தரையில் விழுந்தது.

டேவிட் பேச்சில்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணாச்சி இடுக்கியால் அந்தத் தலையைத் தூக்கிப் பார்த்தார். "இம்புட்டுச் சூடு தாங்க மாட்டியோ? நீயெல்லாம் இரும்புன்னு பேரு வச்சிக்கிட்டு அலையுத" என்று அதனிடம் சொன்னார். டேவிட்டின் தோளில் தட்டி, "உன் மேல தப்பில்ல டேவிட். ரகம் மட்டம்" என்றார்.

அவர் போனபிறகு டேவிட் வெகுநேரம் கழித்து என்னிடம் சொன்னான். "ரெண்டு அறை வுட்ருந்தாகூட தாங்கிப்பேன்பா. இந்த ஆளு இப்டி பேசுனா நமக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. மன்னிப்பதற்குக்கூட ஒருவர் நம் மேல் தப்பு இருப்பதாக ஒத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அவர் அதைக்கூடச் செய்யமாட்டார்.

அவருடைய நடுக்கத்தை நான் முதலில் பார்த்தது, அதற்குப் பதிலாக அவர் வாங்கிய புதிய ஏழாம் நம்பரில்தான். குச்சியை நீட்டி, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது பார் என்று காட்டினார். நுனி சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எதையோ சுட்டிக் காட்டுகிறார் என்று நினைத்து நான் அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு கண்ணில் பட ஆரம்பித்தது. டீ கிளாஸை இரண்டு கையால் பிடித்தார். சிந்தினால், "இந்தக் கடைக்காரன் கிளாஸுக்கு அடி சரியில்ல" என்றார். தகட்டில் வெட்டுவதற்குக் கோடு போடுகிற சாக்கட்டி அவர் கையில் வளைந்து வளைந்து போனது. வெட்டுகிற ஆள் அந்தக் கோட்டின் மேலேயே வெட்டிவிட்டான், தகடு வீண். அன்று சாக்கட்டிக்குத் திட்டு விழுந்தது. கையை மேஜைமேல் வைத்திருந்தால் நடுக்கம் இல்லை. எதையாவது தூக்கினால்தான் வந்தது.

"ஆடுது பாத்தியா? கனம் பத்தல. கனமா இருந்தா நிக்கும்" என்றார்.

தலையின் பின்பக்கம் ஈயத்தகடு ஒட்டிக்கொடுத்தேன். உண்மையிலேயே ஆட்டம் குறைந்தது. அவர் சந்தோஷப்பட்டார். நானும்தான். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் ஈயம் கேட்டார். பிறகு பிடியைத் தடிமனாக்கச் சொன்னார். பிறகு இன்னும் ஈயம். போகப் போக அது கடப்பாரை மாதிரி ஆகிவிட்டது.

"இத்த வச்சி பந்து அடிக்கத் தேவையில்ல அண்ணாச்சி, ரோட்டையே பேத்துடலாம்" என்றான் டேவிட்.

அண்ணாச்சி சிரித்தார். அந்த வாரம் கிடங்கிலிருந்து மணிச் சத்தம் கொஞ்சமாகத்தான் கேட்டது. தவறுவது குறைந்ததால் அல்ல. அடிப்பதே குறைந்துவிட்டது.

ஒருநாள் அவர் மீஞ்சூருக்குச் சரக்கு இறக்கப் போயிருந்தபோது அண்ணி பட்டறைக்கு வந்தார். அண்ணாச்சியின் மனைவி. அதுவரை அவர் எங்கள் பக்கம் வந்ததில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உட்காரச் சொன்ன ஸ்டூலில் உட்காராமல் நின்றார்.

"தம்பி, நீங்கதானே அந்தக் குச்சியைச் சரி பண்ணுதது?"

தலையாட்டினேன்.

"வீட்டுல அவிய எங்களோட சேர்ந்து சாப்பிடுததே இல்ல. எல்லாரும் எழுந்திரிச்ச பிறகு செவத்தைப் பாத்து உக்காந்து சாப்பிடுதாவ. வாய்க்குப் போறதுக்குள்ள பாதிச் சோறு மடியில கெடக்கு. கேட்டா தட்டு வழுக்குதாம். தட்டையும் மாத்தியாச்சு. டாக்டரைப் பாப்போம்னா, எதுக்கு, பட்டறைத் தம்பி சரி பண்ணிருவான்ங்காவ."

நான் கிரைண்டரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான் சொன்னா கேக்க மாட்டாவ. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. நீங்க பேசாத ஆளு. பேசாத ஆளு சொன்னா கேப்பாவ."

அவர் போனதும் டேவிட், "மாட்னியா மாமு?" என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

திங்கட்கிழமை வந்தது. அண்ணாச்சியும் வந்தார். இன்னும் கொஞ்சம் ஈயம் வைக்க வேண்டும் என்று குச்சியை நீட்டினார். முந்தின நாள் முழுக்க மனதுக்குள் பெரிய பெரிய வாக்கியங்களாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"ஈயம் வேணாம் அண்ணாச்சி."

"ஏன், தலை தாங்காதோ?"

"தாங்கும்."

"பிறகு?"

நான் குச்சியை வாங்கி வைஸில் வைத்து முறுக்கினேன். அது சுவரை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. டேவிட் வெல்டிங்கை நிறுத்திவிட்டு முகமூடியைத் தூக்கினான். வெளியே ஒரு கன்டெய்னர் லாரி போய், கூரைத்தகடு அதிர்ந்து அடங்கியது. குச்சியின் நுனி அப்படியே இருந்தது.

"பாருங்க அண்ணாச்சி. ஆடல" என்றேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் அந்த நுனியையே பார்த்தார். பிறகு, அண்ணி உட்காராத அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அது ஆடாது எய்யா. இரும்பு எதுக்கு ஆடும்?"

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்தக் கைக்குட்டையும் ஆடியது.

"ரெண்டு டாக்டரைப் பாத்தாச்சு. அவளுக்குத் தெரியாது. உசுருக்கு ஒண்ணும் இல்லையாம். ஆனா நிக்காதாம். மாத்திரைக்குக் கொஞ்சம் கேக்கும், போகப் போகக் கூடும்னு சொல்லுதாங்க. எங்க ஐயாவுக்கும் இருந்துச்சு. தூத்துக்குடியில கடை வாசல்லயே உக்காத்தி வச்சி எங்க அம்மை சோறு ஊட்டுவா. போற வாற ஆளெல்லாம் பாப்பான். ஐயா கண்ண மூடிக்கிட்டே வாயைத் திறப்பாவ."

அண்ணாச்சி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அந்த அடி இருக்குலா, மொத அடி. இந்தக் கையால அதை இன்னொரு தரம் அடிச்சிட்டேன்னா நான் ஐயா மாதிரி ஆகமாட்டேன்னு எனக்குள்ள ஒரு கணக்கு. பைத்தியக்காரக் கணக்குதான். என்ன செய்ய?"

"கைக்கு வைத்தியம் பாக்கறத வுட்டுட்டு, இத்த வந்து எங்க கைல குட்த்துகினு இருந்தா எப்டி அண்ணாச்சி?" என்றான் டேவிட்.

"கையில தப்புன்னு சொன்னா, அதைக் கழட்டி உன்கிட்ட கொண்டாந்து குடுக்க முடியுமா டேவிட்? இரும்புன்னாத்தான் நீங்க சரி பண்ணுவிய. அதான் இரும்பையே கொண்டாந்தேன்."

இத்தனை வருடம் அவர் கொக்கியையும் கிளாஸையும் சாக்கட்டியையும் திட்டியதை நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். சரிசெய்ய முடிகிற பொருளின் மேல் மட்டும் அவர் தப்பைப் போட்டிருக்கிறார்.

எழுந்திருக்கும்போது, "அந்த ஈயத்தையெல்லாம் கழட்டிரு" என்றார். கழற்றினேன். குச்சியை நீட்டினேன். வாங்கவில்லை. "இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போனார். அந்த ஏழாம் நம்பர் இன்றும் எங்கள் பட்டறையில்தான் இருக்கிறது. சாயங்காலம் ஷட்டரை எட்டி இழுக்க டேவிட் அதைத்தான் எடுக்கிறான். அதற்குச் சரியான வளைவு. எதிரில் இருந்த கிடங்குதான் இப்போது வேறு ஆளுடையது. அண்ணாச்சியும் அண்ணியும் ஊருக்கே போய்விட்டார்கள்.

அவர்கள் ஊருக்குப் போவதற்கு முன்னால் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

குச்சியை விட்டுப்போன பிறகு பல திங்கட்கிழமைகள் அவர் வரவில்லை. கிடங்கிலிருந்து மணிச் சத்தமும் கேட்கவில்லை. வலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை குறைந்திருக்க வேண்டும், ஆனால் திங்கட்கிழமை காலைகளில்தான் உடம்பு அதிகம் அசந்தது. ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டோம், அது சரிதானா என்று லேத்தை ஓட்டியபடி யோசித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை ரோட்டைக் கடந்து வந்தார். தோளில் குச்சி இல்லை. பழைய பனியன் துணியில் எதையோ சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நான் பிரித்தேன். ஒரு எவர்சில்வர் கரண்டி. வீட்டில் சாம்பார் சாதம் சாப்பிடுகிற சாதாரணக் கரண்டி.

"எய்யா, இந்தக் கரண்டியில ஏதோ தப்பு இருக்கு" என்றார். "கனம் பத்தல. பிடியும் ஒல்லி. நீ பாத்து எடுத்துரு."

டேவிட் திரும்பிக்கொண்டு எதையோ தேடுவதுபோல நின்றான்.

"மத்தியானம் வாங்க அண்ணாச்சி" என்றேன்.

வாய்க்குப் போகிற பொருளுக்கு ஈயம் ஆகாது. அவர் கிடங்கிலிருந்தே ஒரு துண்டுக் கம்பி வாங்கிவரச் சொல்லி, லேத்தில் பிடித்துக் கடைந்தேன். கரண்டியின் காம்பை அதில் துளைபோட்டு இறக்கினேன். டேவிட் வெல்டிங் வைத்தான். அவன் அவ்வளவு சின்ன வெல்டிங் வைத்து நான் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான். பழைய ஏழாம் நம்பருக்கு வாங்கியதில் மீந்துபோன ரப்பர் பிடி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை அளவுக்கு அறுத்து, பெட்ரோல் இல்லாமல் சோப்புத் தண்ணீர் விட்டு ஏற்றினேன். கையில் எடுத்தால் சுத்தியல் போல இருந்தது.

மத்தியானம் அவர் டிபன் கேரியரோடு வந்தார். கிடங்கில் ஆட்கள் இருப்பார்கள் என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, சாம்பார் சாதத்தைத் திறந்தார். எங்களைப் பார்த்தபடிதான் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்து அல்ல. கரண்டியைக் கையில் எடுத்துக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார், பந்துக்கு முன்னால் நின்று குச்சியை அசைப்பாரே, அதே மாதிரி. பிறகு சாதத்துக்குள் இறக்கி, தூக்கினார்.

கரண்டி மெல்ல மேலே வந்தது. நடுவில் ஒருமுறை தயங்கியது. டேவிட் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கரண்டி வாய்க்குள் போய், காலியாக வெளியே வந்தது. மடியில் விரித்திருந்த துண்டில் ஒரு பருக்கை இல்லை.

அண்ணாச்சி மென்று விழுங்கினார். கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கையில ஒண்ணுமே தெரியல எய்யா" என்றார்.

இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவதில் கொஞ்சம் சிந்தியது. அண்ணாச்சி கரண்டியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கழுத்துல லேசா கோணல் இருக்கு. நீ என்ன செய்வ, கம்பி அப்படி. திங்கக்கிழமை கொண்டாரேன்."